பேட்டரி குப்பை வண்டி: பின் ஆக்ஸில் மாட்டிய பிறகு வரும் கோளாறுகளும் தீர்க்கும் வழியும்

ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கும் மூன்று சக்கர பேட்டரி வண்டிகளின் பின் ஆக்ஸில் வேலை எனக்குத் தொடர்ந்து வருகிறது. பேரிங் போயிருக்கும், ஷாஃப்ட் பல் மழுங்கியிருக்கும், கியர் உடைந்திருக்கும். கழற்றி, மாற்றி, மாட்டி அனுப்புவோம். அதில் சில வண்டிகள் இரண்டாம் நாளே வேறொரு கோளாறோடு திரும்பி வரும். அப்படி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் புதிதாகப் போட்ட பொருள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மாட்டிய விதத்தில்தான் தப்பு இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி பட்டறையில் நிற்கிற நாளில் அந்தத் தெருக் குப்பையைத் தள்ளுவண்டியில்தான் இழுக்க வேண்டும். இழுப்பவர் பல இடங்களில் ஐம்பது வயது தாண்டிய தூய்மைக் காவலர் அக்கா. ஒரே வேலைக்கு வண்டியை இரண்டு முறை கழற்ற வைப்பது அவர் முதுகின் மேல் ஏற்றும் சுமை என்றே நான் நினைக்கிறேன்.

நான் சொல்லும் வண்டி இப்படி இருக்கும்: 12 வோல்ட் பேட்டரி நான்கு சேர்ந்த 48 வோல்ட், சுமார் 1000 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார், அந்த மோட்டார் நேராகக் கியர் கூட்டில் போல்ட் போட்டு மாட்டப்பட்டது, நடுவில் டிஃபரன்ஷியல் (திரும்பும்போது இரு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி), இரு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட், டிரம் பிரேக், கமான் பட்டை. ஆள் ஏற்றும் ஈ-ரிக்‌ஷாவும் இதே அமைப்புதான். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள ஸ்கூட்டருக்கு இது பொருந்தாது. நான்கு சக்கர மின்சாரக் காருக்கு நிச்சயம் பொருந்தாது. ஆரஞ்சு நிற கேபிள் கண்ணில் பட்டால் அதற்குப் பயிற்சி பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும். அந்த மின்னழுத்தம் ஆளைக் கொல்லும்.

எதையும் தொடும் முன்

பேட்டரி கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்குங்கள், சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். 48 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் ஸ்பேனரை பேட்டரி மேல் வைக்கிறார்கள். ஷாக் அடிக்காமல் போகலாம். ஆனால் இரண்டு முனைக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் அது உருகும், கை வேகும். மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வையுங்கள்.

முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி த்ராட்டில் கொடுக்கவும் வேண்டாம். டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் தூக்கிய சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், தரையில் நிற்கும் சக்கரத்தில் கொஞ்சம் பிடிப்பு வந்தாலும் வண்டி ஜாக்கியை விட்டுக் குதித்துவிடும்.

## த்ராட்டில் முறுக்கினால் மோட்டார் அசையவே இல்லை

முதலில் பிரேக் லைட்டைப் பாருங்கள். மிதியைத் தொடாதபோதும் லைட் எரிகிறதா? எரிந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிரேக் ராடைத் திரும்ப மாட்டும்போது அதிகமாக முறுக்கிவிட்டால் மிதி முழுதாக மேலே வராது, சுவிட்ச் அழுந்தியே நிற்கும். பல வண்டிகளில் அந்த சுவிட்ச் சிக்னல், மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலருக்கும் போகிறது. வண்டி பிரேக்கில் நிற்பதாக எண்ணி அது மோட்டாருக்குக் கரண்டே கொடுக்காது. ராடு நட்டை நான்கு சுற்று தளர்த்திப் பாருங்கள். இதைப் பார்க்காமல் கன்ட்ரோலரையே மாற்றிவிட்டு, அதற்குப் பிறகும் ஓடாமல் எடுத்து வந்த வண்டிகள் உண்டு.

பிரேக் லைட் எரியவில்லை என்றால், மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய ஐந்து வயர் சாக்கெட்டைப் பாருங்கள். மோட்டாரின் சுழலும் பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரின் வயர்கள் அவை. சாக்கெட் முழுதாக அமர்ந்திருக்கிறதா, உள்ளே பின் மடங்கியிருக்கிறதா, பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா? தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற வண்டி. குப்பையிலிருந்து ஒழுகும் சாறும் அந்தப் பக்கம்தான் இறங்கும். களிம்பு இல்லாத சாக்கெட்டை நான் பார்ப்பது அபூர்வம். அடுத்து வயர் போகும் வழியைப் பாருங்கள். மோட்டாரைத் தூக்கி மாட்டும்போது கமான் பட்டைக்கும் மோட்டாருக்கும் நடுவே அது நசுங்கியிருக்கலாம்.

வயர் நன்றாக இருந்தால், மல்டிமீட்டர் எடுங்கள். மோட்டாருக்குப் போகும் தடித்த மூன்று வயரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் விலக்கி வையுங்கள். எம்சிபியும் சாவியும் போட்டு, ஹால் சாக்கெட்டில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்தால் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். பிறகு கறுப்பில் ஒரு முனையை வைத்து, மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் மறு முனையை வைத்து, இரு பின் சக்கரத்தையும் ஒரே திசையில் சேர்த்து மெல்லச் சுற்றுங்கள். ஒன்றை மட்டும் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும், மோட்டார் சுற்றாது. அளவு 0-க்கும் 5-க்கும் மாறி மாறிப் போக வேண்டும்.

- மூன்றும் மாறுகின்றன: ஹால் நலம். த்ராட்டில் வயரையும் கன்ட்ரோலரையும் பாருங்கள்.
- ஒன்று மட்டும் மாறாமல் நிற்கிறது: அந்த வயர் அறுந்திருக்க வேண்டும், அல்லது அந்த ஹால் சென்சார் போயிருக்க வேண்டும். வயரை முதலில் பாருங்கள்.
- 5 வோல்ட்டே வரவில்லை: சாக்கெட்டைக் கழற்றிக் கன்ட்ரோலர் பக்கம் அளந்து பாருங்கள். அங்கே வந்தால் மோட்டார் பக்கம் எங்கோ ஷார்ட். அங்கேயும் வராவிட்டால் கன்ட்ரோலர்.

மோட்டாரைத் திறந்து ஹால் சென்சார் மாற்றுவது வைண்டிங் வேலை தெரிந்தவருக்கு. காந்தம் ரோட்டரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். இடையில் விரல் அகப்பட்டால் நசுங்கும்.

## மோட்டார் உதறுகிறது, முனகுகிறது, அல்லது முன்னுக்குப் போட்டால் பின்னுக்குப் போகிறது

இது ஆக்ஸில் கோளாறே இல்லை. மஞ்சள், பச்சை, நீலம் என்ற தடித்த மூன்று வயரில் பெரும்பாலும் ஏதோ இரண்டு இடம் மாறியிருக்கும். வயரின் நிறம் அழுக்கில் தெரியாமல் போயிருக்கும், அல்லது யாரோ முன்பு வேறு மோட்டார் போட்டபோது நிறம் பாராமல் ஓடும்படி இணைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் நிறத்துக்கு நிறம் மாட்டினால்தான் தப்பாகும். அதனால் கழற்றும் முன்பே போனில் ஒரு படம் எடுத்து, வயருக்கு டேப் சுற்றி 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள்.

எழுதத் தவறிவிட்டால் ஹால் வயரைத் தொடாமல் தடித்த வயர்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். மொத்தம் ஆறு வகைதான். ஒவ்வொரு முறையும் சக்கரம் காற்றில் இருக்க, த்ராட்டிலை மிக மெல்லக் கொடுங்கள். உதறினால் உடனே விடுங்கள், முறுக்கிப் பிடித்தால் கன்ட்ரோலர் எரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தவறான இணைப்பு ஒன்றிலும் மோட்டார் ஓடுவது போலத் தோன்றும், ஆனால் சத்தம் கரகரப்பாக இருக்கும், கரண்டும் கூடுதலாக இழுக்கும். டிசி அளக்கும் டாங் டெஸ்டரை (வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் மீட்டர்) பேட்டரி வயரில் மாட்டிப் பாருங்கள். ஆறில் எது அமைதியாகவும் குறைந்த ஆம்பியரிலும் ஓடுகிறதோ அதுதான் சரியான இணைப்பு. ஓடினால் போதும் என்று விட்ட வண்டியில் ஒரு வாரத்துக்குள் மோட்டார் சூடேறிக் கருகிய வாடை வரும்.

அமைதியாக ஓடியும் திசை மட்டும் தலைகீழாக இருந்தால், ரிவர்ஸ் சுவிட்சின் வயர் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஹால் வயரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

## மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, வண்டி நகரவில்லை

"அண்ணே, சத்தம் மட்டும் வருது, வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று போன் வந்தால், எங்கோ பல் சேரவில்லை என்று பொருள். எந்த இடம் என்று கண்டுபிடிக்க முழு ஆக்ஸிலையும் இறக்க வேண்டியதில்லை.

சாக்பீஸ் சோதனை. ஷாஃப்ட் முனையிலிருந்து டிரம் வரை ஒரே கோடாகச் சாக்பீஸால் கிழியுங்கள், இரு பக்கமும். வண்டியைத் தரையில் வைத்து ஒரு கணம் த்ராட்டில் கொடுங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. கோடு உடைந்து விலகினால் அந்தப் பக்கம் டிரம்மின் உள் பல் மழுங்கியிருக்கிறது, அல்லது டிரம்மையும் ஷாஃப்டையும் சேர்த்துப் பிடிக்கும் சாவிக்கட்டை வெட்டுப்பட்டிருக்கிறது. நட்டை முறுக்காமல் விட்டதே பெரும்பாலும் காரணம். டிரம் ஷாஃப்டில் ஆட ஆரம்பித்தால் பல் தன்னைத்தானே தின்றுவிடும்.

கோடு விலகவில்லை என்றால், இரு சக்கரத்தையும் தூக்கி, பிரேக்கைத் தளர்த்தி, இடது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் இரண்டு ஷாஃப்டும் டிஃபரன்ஷியலில் சேர்ந்திருக்கின்றன, உள்ளே சிறு கியர்களும் நலம். அப்படியானால் கோளாறு மோட்டாருக்கும் கியருக்கும் நடுவே. மோட்டாரைக் கழற்றி அதன் ஷாஃப்ட் பல்லைப் பாருங்கள். பல் நுனி கத்தி போல மெலிந்திருந்தால் மோட்டார் ஷாஃப்ட், உள் கியர் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழையது புதியதைத் தின்னும். செலவு கூடும்தான், ஆனாலும் இதில் நான் பாதி வேலை செய்து கொடுப்பதில்லை.

வலது சக்கரம் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு ஷாஃப்ட் உள்ளே சேரவில்லை, அல்லது உடைந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு பக்கம் விட்டுப்போனாலும் வண்டி நகராது, இழுவை முழுவதும் விட்டுப்போன பக்கம் சும்மா சுற்றிவிடும். இரண்டில் எது காற்றில் சுற்றுவது போல இலகுவாக இருக்கிறதோ, அந்தப் பக்கத்தை முதலில் உருவுங்கள்.

ஷாஃப்ட் ஏன் சேராமல் போகிறது? ஆயில் சீல் வரை போனதும் ஒரு தடை வரும். அதையே முடிவு என்று நினைத்து மேலே பேரிங்கையும் மூடியையும் மாட்டிவிடுகிறார்கள். கழற்றும் முன் ஷாஃப்ட் வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, கூட்டின் மேலேயே எழுதி வையுங்கள். மாட்டிய பிறகு அதே அளவு வர வேண்டும். உள்ளே தள்ளும்போது எதிர்ப்பக்கச் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக யாராவது சுற்றிக் கொடுத்தால் பல் தானாக விழுந்து சேரும். அந்தச் சின்ன 'டக்' கேட்டால்தான் நான் அடுத்த வேலைக்குப் போவேன். சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டியதே இல்லை.

இடது, வலது மாறுவது. டிஃபரன்ஷியல் சரியாக நடுவில் இல்லாத வண்டிகளில் இரு ஷாஃப்டும் ஒரே நீளம் இல்லை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகக்கூட இருக்கலாம். மாற்றி மாட்டினால் குட்டை ஷாஃப்ட் பல்லின் ஒரு பகுதியில் மட்டும் பிடிக்கும். வெறும் வண்டியில் ஓடிவிடும். குப்பை ஏற்றி மேட்டில் ஏறினால் பல் சீவிப் போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் படுக்க வைத்து அளந்துவிடுங்கள்.

இரண்டு ஷாஃப்டும் முழுப் பல்லோடு நலமாக இருந்தும் வண்டி நகரவில்லையா? டிஃபரன்ஷியலின் குறுக்குப் பின் உடைந்திருக்கும், அல்லது இடைக் கியரின் பல் போயிருக்கும். கூட்டைத் திறக்கும் வேலை. பழக்கம் இல்லாதவர் இங்கேயே நிறுத்திவிட்டு ஆக்ஸில் வேலை செய்பவரிடம் கொடுங்கள்.

## சக்கரம் இறுகிப்போய் கையால் சுற்ற முடியவில்லை

மாட்டிய கையோடு இது தெரிந்துவிடும். தெரிந்தும் "ஓட ஓட இலகுவாகிவிடும்" என்று அனுப்புகிறார்கள். இலகுவாகாது. பேரிங்தான் எரியும்.

முதலில் தடித்த மூன்று வயரைக் கழற்றுங்கள். கழற்றியதும், இரு சக்கரத்தையும் ஒரே திசையில் சேர்த்துச் சுற்றினால் இலகுவாக வருகிறது என்றால் ஆக்ஸிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயர் முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது கன்ட்ரோலருக்குள் ஷார்ட். பிஎல்டிசி மோட்டாரின் இரண்டு வயரைச் சேர்த்துப் பிடித்தாலே மோட்டார் தானே பிரேக்காக மாறி இழுக்கும். இது தெரியாமல் புதுப் பேரிங்கைக் கழற்றி மறுபடி மாட்டி ஒரு நாள் முழுக்கப் போராடியிருக்கிறேன்.

அதே சோதனையை மோட்டாரின் நலம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். கழற்றிய வயர்களை இரண்டு இரண்டாகச் சேர்த்து, இரு சக்கரத்தையும் ஒரே திசையில் சுற்றுங்கள். மூன்று ஜோடியிலும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும். ஒரு ஜோடி வேறு மாதிரி இருந்தால் வைண்டிங்கில் கோளாறு.

வயரைக் கழற்றியும் இறுக்கம் குறையவில்லை என்றால், பிரேக்கை முழுதாகத் தளர்த்துங்கள். அதில் இலகுவானால் சரிப்படுத்தும் வேலை மட்டும்தான். ஷூ ஸ்பிரிங் சரியான துளையில் மாட்டியிருக்கிறதா என்று டிரம்மைக் கழற்றி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பிரேக்கும் இல்லை என்றால், வெளி நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். இலகுவாகிறதா? பேரிங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஸ்பேசர் வளையம் வேலைப் பலகையிலேயே கிடக்கிறது, அல்லது திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. நட்டை முறுக்கும்போது பேரிங் பக்கவாட்டில் நசுங்குகிறது. நட்டைத் தளர்த்தியே விட்டு, அது கழலாமல் ஸ்ப்ளிட் பின் குத்தி அனுப்புவது தீர்வல்ல. டிரம் ஆடி மேலே சொன்ன கோளாறு வரும். கழற்றி ஸ்பேசரைப் போடுங்கள்.

அதுவும் இல்லை என்றால், ஒரு பக்க ஷாஃப்டை ஒரு அங்குலம் வெளியே இழுத்துப் பாருங்கள். இறுக்கம் விட்டால் அந்த ஷாஃப்ட் உள்ளே குறுக்குப் பின்னைப் போய் முட்டிக்கொண்டிருந்தது. இடது, வலது மாறியதன் மறுபக்கம் இதுதான்: நீள ஷாஃப்ட் முட்டும், குட்டை ஷாஃப்ட் சேராது.

கடைசியாக மோட்டாரைக் கழற்றுங்கள். அதைக் கழற்றியதும் எல்லாம் இலகுவானால் மோட்டார் கோணலாக உட்கார்ந்திருந்தது. மோட்டார் முகமும் கியர் கூட்டின் முகமும் கையால் தள்ளியே முழுதாகச் சேர வேண்டும். அரை அங்குல இடைவெளி இருக்கும்போதே போல்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால், பல் மேல் பல் ஏறி நின்று மோட்டார் பேரிங்கைத் தள்ளும். அலுமினியக் கூட்டின் காது உடையும், அல்லது மரை உரிந்து வரும். மரை உரிந்திருந்தால் டெஃப்ளான் டேப் சுற்றி ஏற்றாதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்து மரைச் சுருள் வைத்துக்கொள்ளுங்கள். அது தாங்கும்.

## ஆயில் கசிகிறது

எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்து வேலை முற்றிலும் மாறும். பனியன் வேஸ்ட்டால் எல்லா இடத்தையும் துடைத்து உலர்த்தி, இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

டிரம்முக்குள். இதுதான் ஆபத்தானது, பிரேக் பிடிக்காது. அன்றே வண்டியை நிறுத்துங்கள். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

மூச்சுத் துளை அடைத்திருக்கிறதா? கூட்டின் மேல் பகுதியில் சிறு மூடியோடு இருக்கும். சேறும் குப்பைச் சாறும் காய்ந்து அடைத்துவிடும். ஓடி ஓடி உள்ளே சூடேறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். புதுச் சீல் போட்டும் ஒழுகுகிற வண்டிகளில் இதை முதலில் பார்க்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் முடிந்தது.

ஆயில் அதிகமாக ஊற்றியிருக்கிறதா? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மட்டம் பார்க்கும் போல்டைக் கழற்றினால் ஆயில் துளையின் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். கொட்டினால் அதிகம், விரல் விட்டுத் தொட முடியாவிட்டால் குறைவு. அளவும் நம்பரும் வண்டியின் புத்தகத்தில் இருக்கும்.

சீல் வெட்டுப்பட்டிருக்கிறதா? ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் பல் கூர்மை சீலின் உதட்டைச் சீவிவிடும். பல்லின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றி, சீல் உதட்டில் விரலால் கிரீஸ் தடவி, ஷாஃப்டின் எடை சீல் மேல் விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டே விட வேண்டும். சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்ட சீல் ஒரு நாள்கூட நிற்காது.

சீலும் நன்றாக இருந்தால் ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது. பேரிங்கைத் தட்டி ஆட்டமும் பாருங்கள், ஆடும் ஷாஃப்ட் சீலைத் தின்னும்.

ஆயிலில் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடி மாட்டுவது பழக்கத்தில் இருக்கிறது. செய்யாதீர்கள். ஊறிய ஆயில் சூடேறும்போது மறுபடி வெளியே வரும். இரு பக்கமும் புது ஷூ போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி திரும்பும். இந்த வண்டி போவது குழந்தைகள் விளையாடும் தெருவில்.

மோட்டார் பக்கம். மோட்டாரின் அடியிலோ வயர் வெளியே வரும் துளையிலோ ஆயில் தெரிந்தால், மோட்டாருக்கும் கியருக்கும் நடுவிலுள்ள சீல் போய் கியர் ஆயில் மோட்டாருக்குள் இறங்கிவிட்டது. ஓட்டாதீர்கள். மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடையில் சுத்தம் செய்து, சீல் மாற்றி, ஹால் சென்சாரை அளந்த பிறகே மாட்ட வேண்டும்.

கூட்டின் இணைப்பில். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒட்டியிருக்கும், அல்லது போல்டை எதிரெதிராக முறுக்காமல் வரிசையாக முறுக்கியிருப்பார்கள். சிலிக்கான் பேஸ்ட் போட்டால் மெல்லிய கோடாகப் போடுங்கள், காயவிட்டு ஆயில் ஊற்றுங்கள்.

## சத்தம்

சத்தத்துக்குக் காரணம் தேட மூன்று கேள்வி போதும். திரும்பும்போது மட்டுமா? புறப்படும்போது மட்டுமா? எப்போதுமா?

திரும்பும்போது மட்டும் 'கட கட': டிஃபரன்ஷியலுக்குள். சிறு கியர்களின் பின்னால் போட வேண்டிய மெல்லிய வாஷர் விட்டுப்போயிருக்கும். அது கியரோடு ஒட்டிக்கொண்டு வரும், பழைய கியரைத் தூக்கிப் போடும்போது அதுவும் போய்விடும். கூட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

புறப்படும்போது ஒரு 'டொக்': முதலில் கமான் பட்டையின் யூ போல்ட், அடுத்து மோட்டார் போல்ட், பிறகு டிரம் நட்டு. மூன்றும் இறுக்கமாக இருந்தால் பல் தேய்மானம். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் எந்த இடம் தாமதமாக அசைகிறது என்று கை சொல்லும்.

எப்போதும் 'உய்ய்' என்று வேகத்தோடு ஏறும் சத்தம்: ஆயில் மட்டம் பாருங்கள். சரியாக இருந்தால், ஜோடிக் கியரில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். இரண்டு நாள் ஓடிய பிறகு ஆயிலை இறக்கிக் காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறக் குழைவு வந்தால் பயமில்லை. நகத்தில் எடுக்கும் அளவு துணுக்கு வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

எப்போதும் 'குர்ர்' என்ற உருளும் சத்தம்: பேரிங். புதுப் பேரிங்தானே என்று விடாதீர்கள். எந்த வளையம் இறுக்கமாக ஏறுகிறதோ அந்த வளையத்தில்தான் தட்ட வேண்டும்: ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில், கூட்டில் இறக்கும்போது வெளி வளையத்தில். மாற்றித் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியே போய் பாதையில் சிறு பள்ளம் விழும். அன்று சத்தம் வராது, மூன்றாம் நாள் வரும். அந்தப் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்': டிரம் ஓரத்தில் கல்லோ துருவோ உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பெரிய கியரில் ஒரு பல் முனை உடைந்திருக்கும்.

## ஒரு பக்க டிரம் மட்டும் சுடுகிறது

இரண்டு கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி, புறங்கையை டிரம் அருகே கொண்டுபோய் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். சூடான பக்கம் பிரேக்கைத் தளர்த்தி மறுபடி ஓட்டுங்கள். சூடு குறைந்தால் பிரேக், குறையாவிட்டால் பேரிங். பிரேக் தளர்ந்தும் ஷூ திரும்பவில்லை என்றால் ஷூவை விரிக்கும் கேம் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கிறது. கழுவுகிற வண்டிகளில் இது சாதாரணம், கழற்றித் தேய்த்து லேசாக கிரீஸ் வைத்தால் போதும்.

## வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

கமான் பட்டையின் நடு போல்டின் தலை, ஆக்ஸிலில் அதற்கென உள்ள குழிக்குள் உட்கார வேண்டும். உட்காராமலே யூ போல்டை முறுக்கிவிட்டால் ஆக்ஸில் சாய்ந்து நிற்கும். சேஸிஸில் முன்னால் ஒரே மாதிரியான இரண்டு புள்ளியிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைக்கும் டேப் வைத்து அளங்கள். வித்தியாசம் இருந்தால் யூ போல்டைத் தளர்த்தி மறுபடி உட்கார வையுங்கள். கடைசி முறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது, குறுக்குக் குறுக்காக.

அளவு சரியாக இருந்தும் இழுத்தால், அல்லது டயர்கள் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்தால், இரண்டு பின் சக்கரங்களுக்கு இடையே மேலேயும் கீழேயும் அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் கூடு வளைந்ததாகவே எடுத்துக்கொள்வேன். அளவுக்கு மேல் குப்பை ஏற்றிய வண்டியில் இது நடக்கும். கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துவது வேண்டாம். கூட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் எத்தனை ஷாஃப்ட் போட்டாலும் ஒடியும்.

## சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது

பேட்டரியைக் குறை சொல்லும் முன், சக்கரம் இரண்டையும் தூக்கி முழு த்ராட்டிலில் ஆம்பியர் பாருங்கள். வேலைக்கு முன் இதே அளவைக் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட எளிது. இப்போது கூடியிருந்தால் வரிசையாகப் பாருங்கள்: பிரேக் உரசல், நட்டு இறுக்கம், தடித்த வயர் இணைப்பு, தேவைக்கு மேல் கெட்டியான ஆயில்.

ஆம்பியர் கூடவில்லை என்றால் பேட்டரியை அளங்கள். முழு சார்ஜில் சில மணி நேரம் ஓய்ந்த நான்கு பேட்டரியும் சேர்ந்து 50.8 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். சுமையோடு ஓட்டும்போது ஒவ்வொன்றாக அளந்தால் 10.5-க்குக் கீழே விழுவது எது என்று தெரிந்துவிடும். வண்டி ஒரு வாரம் சார்ஜ் இல்லாமல் பட்டறையில் நின்றதே சில சமயம் அந்த பேட்டரியைக் கெடுத்திருக்கும். ஆக்ஸில் வேலைக்கு வந்த வண்டியையும் இரவில் சார்ஜில் போடுங்கள்.

## அனுப்பிய பிறகு

ஐந்தாம் நாள் வண்டியைத் திரும்ப வரச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான். சுமை ஏற்றி ஓடியதில் யூ போல்ட் அமர்ந்து தளர்ந்திருக்கும், மறுபடி முறுக்குங்கள். மோட்டார் போல்ட், டிரம் நட்டு, ஸ்ப்ளிட் பின், ஆயில் மட்டம், இரு டிரம்மின் சூடு. தடித்த வயர் நட்டு தளர்ந்திருந்தால் முனை கறுத்திருக்கும், சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

ஓட்டுகிறவரிடமும் பேசுங்கள். தினமும் அந்த வண்டியின் சத்தத்தோடு இருப்பவர் அவர். "அக்கா, இப்ப எப்படி இருக்கு, முன்ன மாதிரி இல்லாம ஏதாவது தெரியுதா?" என்று கேட்டால், "மேட்டுத் தெருவுல திரும்பையில ஒரு சின்ன சத்தம் வருதுப்பா" என்பார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, மேலே 'திரும்பும்போது மட்டும்' என்ற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.